தேதிக்கு ஒரு விலை
பெரம்பலூர், அரியலூரிலிருந்து விமானம் ஏறுவோரின் டிக்கெட் கணக்கு

வி.களத்தூரிலோ லப்பைக்குடிக்காட்டிலோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தால், நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: "டிக்கெட் என்ன ரேட்டு?" பதில் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். அவருடைய மச்சான் அதே வாரம், அதே விமானத்தில், இதில் முக்கால் பங்கு கொடுத்துத்தான் வந்தாராம். வந்தவர் முகம் சுருங்கும். ஏமாந்துவிட்டோமோ என்று ராத்திரியெல்லாம் யோசிப்பார்.

பெரும்பாலும் அவரை யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். விமானத்தில் ஒரு இருக்கைக்கு ஒரு விலை என்று எதுவும் கிடையாது. ஒரு தேதிக்கு, ஒரு திசைக்கு, ஒரு நிலையத்துக்கு என்று விலை பிரிகிறது. அந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது, அதில் பெரம்பலூர், அரியலூர்க்காரர் கையில் இருப்பது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எங்கே ஏறுவது?

இரண்டு மாவட்டத்துக்கும் பக்கத்து விமான நிலையம் திருச்சி. பெரம்பலூரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். 2012-இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதி பெற்றது. 2024 ஜனவரி 2 அன்று புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுர வண்ணங்களோடு கட்டடம் பெரிதாக நிற்கிறது. ஓடுபாதை மட்டும் சுமார் 2,480 மீட்டர்தான். அதனால் ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களே இங்கே வந்துபோகின்றன. முந்நூறு, நானூறு பேரை ஏற்றும் பெரிய விமானங்களுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

சென்னைக்குப் போகும் வழியில் இரண்டு மாவட்டங்களும் பிரிகின்றன. பெரம்பலூருக்கு ரயில் நிலையமே இல்லை. நெடுஞ்சாலை ஊர், பேருந்து ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அரியலூரோ விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் நான்காவது நிலையமான திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். ஆக, பெரம்பலூர்க்காரருக்குத் திருச்சியே இயல்பான வாசல். அரியலூர்க்காரருக்கு இரண்டு வாசல். டிக்கெட் தேடும்போது திருச்சியை மட்டும் தட்டிப் பார்த்து முடித்துக்கொள்ளும் அரியலூர்க்காரர், தனக்கிருக்கும் ரயில் வசதியைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்.

யாருக்குப் பறக்க அனுமதி?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் டிக்கெட் விலையில் கிடைக்கும் இளைப்பாறல் வளைகுடாவுக்குக் கிடைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து ஆட்களின் பழைய குறை. இதற்குக் காரணம் தூரமோ எண்ணெய் விலையோ மட்டுமல்ல. இரண்டு நாடுகளுக்கிடையே எந்த நிறுவனம், எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை பறக்கலாம் என்பதை அந்த அரசுகள் செய்துகொள்ளும் வான்சேவை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா நகரங்களுக்குத் தாராளமாக வந்துபோகலாம் என்று இந்தியா முன்பே கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கிறது. மலேசியாவின் ஏர் ஏசியா 2008 டிசம்பரில் இந்தியாவுக்கு முதன்முதலாகப் பறக்கத் தொடங்கியபோது, டெல்லியையோ மும்பையையோ எடுக்காமல் திருச்சியைத்தான் எடுத்தது. பிறகு சிங்கப்பூரின் டைகர் ஏர் வந்தது. அது 2017-இல் ஸ்கூட்டுடன் இணைந்தது. மலேசியாவின் மலிண்டோ, பாட்டிக் ஏர் என்று பெயர் மாறி ஓடுகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ ஆகியவையும் சிங்கப்பூர் தடத்தில் போட்டியிடுகின்றன. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்புக்குப் பறக்கிறது. கடை நான்கு இருந்தால் விலை தானே இறங்கும்.

வளைகுடாத் தடத்தில் அப்படியில்லை. எமிரேட்ஸ், எத்திஹாத், கத்தார் ஏர்வேஸ் ஆகியவற்றுக்கு அந்தந்த ஒப்பந்தங்களில் திருச்சி இறங்குதளமாகச் சேர்க்கப்படவில்லை. கோவைக்கு ஷார்ஜாவின் ஏர் அரேபியா வருகிறது, திருச்சிக்கு வருவதில்லை. ஆகவே திருச்சியிலிருந்து நேரே துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்றால் இந்திய நிறுவனங்கள்தாம், அதிலும் பெரும்பங்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-இல் வைத்தது. அதை ஏற்றக் கேட்கிறது துபாய். இந்திய நிறுவனங்கள் வளர அவகாசம் வேண்டும் என்று தயங்குகிறது டெல்லி. இரு பக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் அந்தத் தயக்கத்துக்கான விலையில் ஒரு பங்கை குன்னம் வட்டத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகிற ஆள் டிக்கெட்டில் கட்டுகிறார்.

இதற்கு நடைமுறை மாற்று உண்டு. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் வளைகுடாவுக்குப் போகலாம். பயண நேரம் கூடும். சில வாரங்களில் விலை நன்றாகக் குறையும். சென்னைக்குப் போனால் வளைகுடாவின் நிறுவனங்கள் பல வரிசையாக நிற்கின்றன. தேடும்போது திருச்சி நேர்வழி, திருச்சி–கொழும்பு வழி, சென்னை நேர்வழி என்று மூன்றையும் வைத்துப் பார்ப்பதே ஒழுங்கான தேடல்.

ஒரே விமானம், பத்து விலை

1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை விலக்கியது. மலிவு விலைப் புது நிறுவனங்கள் முளைத்தன. அவற்றைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் ராபர்ட் கிராண்டால் தலைமையில் ஒரு முறையை உருவாக்கினார்கள். விமானம் முழுவதும் விலையைக் குறைக்க வேண்டாம். காலியாகப் போகக்கூடிய இருக்கைகளுக்கு மட்டும், முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும் குறைத்தால் போதும். 1985-இல் இந்த ஆயுதத்தோடு இறங்கினார்கள். பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் இரண்டே ஆண்டில் காணாமல் போனது. இன்று உலகம் முழுக்க நடப்பது அந்த முறைதான்.

இந்தியாவில் 1953-இன் விமானக் கழகச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டபின் தனியாருக்கு அட்டவணைச் சேவை நடத்த வழி திறந்தது. கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு ஒரு ரூபாய் டிக்கெட் நினைவிருக்கும். நிஜத்திலும் அப்படி விற்றார்கள், சில இருக்கைகளை மட்டும். அந்தச் சிலவற்றைத் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்ததுதான் வியாபாரம். இன்றைய 'சேல்' விளம்பரங்களும் இதே வகை.

இருக்கைகளைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கில் பத்து இருக்கை, அடுத்ததில் பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். கீழடுக்கு தீர்ந்ததும் விலை மேலடுக்குக்குத் தாவும். விற்பனை மந்தமானால் மூடிய அடுக்கை மறுபடி திறப்பதும் உண்டு. காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருப்பதற்கு, "நாம் தேடுவதைப் பார்த்து ஏற்றிவிட்டான்" என்பது ஊர்ப் பேச்சு. இடையில் யாரோ நான்கு பேர் வாங்கிவிட்டார்கள் என்பதே அநேகமாக உண்மை. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதும் அதே கிளையின் பழம். எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதே விலையை அசைக்கிறது.

அடுக்கு முறையைத் தெரிந்துகொண்டால் ஒரு சின்ன உபாயம் கிடைக்கும். குடும்பமாக நான்கு டிக்கெட் கேட்கும்போது, கீழடுக்கில் மூன்றே மீதமிருந்தால், நான்கையும் மேலடுக்கு விலையில் காட்டுவதே கணினியின் வழக்கம். முதலில் ஒரு ஆளுக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைவாக வந்தால் மூன்றாகவும் ஒன்றாகவும் பிரித்துப் போடலாம். சிறு குழந்தையைப் பெற்றோர் டிக்கெட்டிலிருந்து பிரிக்காமல் இருந்தால் சரி.

திசையும் காலமும்

விலை ஏறும் காலம் எல்லாருக்கும் தெரியும்: பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கோடை விடுமுறை. ஆனால் ஏற்றம் இரு திசையிலும் ஒரே நேரத்தில் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஜூன் கடைசியில் அங்கிருந்து ஊருக்கு வரும் விமானம் நிறையும். அதே விமானம் திரும்பிப் போகும்போது காலி. ஆகஸ்ட் கடைசியில் தலைகீழ். பொங்கலுக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விலை கொதிக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அப்போது ஆறியிருக்கும். பொங்கல் முடிந்த வாரம் கொதிப்பு இடம் மாறும்.

வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் பெற்றோர் போவதானால், மகன் ஊருக்கு வரும் பருவத்துக்கு எதிர்த்திசையில் கிளம்புவது லாபம். புதிதாக வேலைக்குப் போகிறவருக்குச் சேரும் தேதியில் பத்து நாள் முன்பின் இடமிருந்தால், ஆகஸ்ட் கடைசியைத் தவிர்த்தாலே ஒரு தொகை மிஞ்சும்.

மலிவு நிறுவனங்களில் போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் தனித்தனி விலை. ஒன்றை ஒரு நிறுவனத்தில், மற்றொன்றை வேறு நிறுவனத்தில் போடுவதில் நட்டமில்லை. முழுச்சேவை நிறுவனங்களில் போக வரச் சேர்த்து வாங்கினால் குறைவதுண்டு. ஆனால் சேர்த்து வாங்கிய டிக்கெட்டில் முதல் பயணத்துக்குப் போகாமல் விட்டால், திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். இதை அறியாமல் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் நின்று விழிப்பவர்கள் உண்டு.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

டிக்கெட் விலை கணக்கின் ஒரு வரி மட்டுமே. அடுத்த வரி லக்கேஜ். நம் ஊர் ஆட்கள் வெறுங்கையோடு போவதுமில்லை, வருவதுமில்லை. போகும்போது பொடி வகை, ஊறுகாய், முறுக்கு. வரும்போது கம்பளி, சென்ட், சாக்லேட், பால் பவுடர். பெட்டியே இல்லாத டிக்கெட், 20 கிலோ டிக்கெட், 30 கிலோ டிக்கெட் என்று இப்போது தனித்தனியாக விற்கிறார்கள். தேடல் தளத்தில் முதலில் நிற்கும் மிகக் குறைந்த விலை, பல நேரம் கைப்பைக்கு மட்டுமான விலை. கிலோவை டிக்கெட்டோடு முன்னதாகவே வாங்கினால் ஒரு விலை. கவுன்டரில் எடை போட்டபின் வாங்கினால் பல மடங்கு. 30 கிலோ உள்ளடங்கிய டிக்கெட்டும் கிலோ சேர்க்கப்படாத டிக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், கிலோவைச் சேர்த்தபின்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் வரி வழிச்செலவு. சென்னையிலிருந்து போனால் மூவாயிரம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூரிலிருந்து குடும்பத்தோடு வழியனுப்பக் கார் பிடித்தால், வாடகை, சுங்கம், சாப்பாடு என்று அந்த மூவாயிரம் செங்கல்பட்டுக்கு முன்பே கரைந்துவிடும். தனியாக ரயிலில் போகும் அரியலூர் இளைஞருக்கு அதே மூவாயிரம் முழுதாக மிஞ்சும். ஒரே விலை வித்தியாசம், இருவருக்கு இரண்டு அர்த்தம்.

நான்காம் வரி இடர். திருச்சி–சென்னை தனி டிக்கெட், சென்னை–வளைகுடா தனி டிக்கெட் என்று ஒட்டுப்போட்டு வாங்கினால் சில நேரம் மலிவாகும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. ஒரே பி.என்.ஆர் (பயணப் பதிவு) எண்ணில் வாங்கியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. விசா காலக்கெடு நெருங்கும்போது ஒட்டுப்போட்ட டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

டிராவல்ஸா, செல்போனா?

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியோ ஜெயங்கொண்டத்தின் கடைவீதியிலோ டிராவல்ஸ் பலகை இல்லாத தெரு குறைவு. "அவன் கமிஷன் வைப்பான்" என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய முகவர்கள் கூட்டம் மிகுந்த தேதிகளுக்கு இருக்கைகளை மொத்தமாக முன்பே எடுத்து வைத்திருப்பார்கள். கடைசி வாரத்தில் இணையத்தில் விலை உச்சியில் நிற்கும்போது, அவர்களிடம் அதைவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அந்த மொத்த டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பணம் திரும்பாது, தேதியும் மாறாது. வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரே வாங்குவதில் வேறு லாபங்கள் உண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016-இல் திருத்திய விதிப்படி, பயணம் ஏழு நாளுக்கு அப்பால் இருந்தால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவும் மாற்றவும் வழி வந்தது. இதை 48 மணியாக்க 2025 நவம்பரில் வரைவு வெளியிட்டார்கள்; இப்போதைய விதியை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் சொல்லி இலவசத் திருத்தமும் கேட்கலாம். முன்னெழுத்து வழக்கமுள்ள நமக்கு இது சின்ன விஷயமல்ல. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்தும் டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாகவும் நின்று தொல்லைப்பட்டவர்கள் ஏராளம்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைத் தாண்டக்கூடாது. 'பணம் திரும்பாது' என்று எழுதிய டிக்கெட்டிலும், பறக்காமலே விட்ட டிக்கெட்டிலும்கூட அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பி வர வேண்டும். கேட்டால் வரும்.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. இடைத்தரகர் நீட்டும் அச்சிட்ட தாள் எல்லாம் டிக்கெட் அல்ல. இருக்கையைத் தற்காலிகமாகப் பிடித்து எடுத்த தாளும் பார்வைக்கு டிக்கெட் போலவே இருக்கும். இரண்டு நாளில் செத்துவிடும். பி.என்.ஆர் எண்ணையும் பெயரையும் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, டிக்கெட் எண் வந்தால்தான் பணம். பதிவுபெற்ற முகவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது குடிபெயர்வு விதி. 'டிக்கெட் செலவு' என்று தனியாக ஏற்றும் தொகையை முதலாளி ஏற்கெனவே கொடுத்திருக்கிறாரா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுவது நல்லது.

அரசு செய்வதும் செய்யாததும்

விலைக்கு உச்சவரம்பு வைக்க அரசால் முடியாது என்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணத்துக்குக் கீழ் மேல் வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டமாக ரத்தானபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கி வரம்பு போட்டார்கள். இரண்டும் உள்நாட்டுத் தடங்களுக்கு, நெருக்கடிக்கு மட்டும்.

2017-இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டம் சிற்றூர் நிலையங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தை 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தாருக்கு அருகிலுள்ள நெய்வேலி ஓடுதளமும் அதன் பட்டியலில் ஏறியது. பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, வானத்தில் விமானம் ஏறுவது வேறு என்று அந்த ஊர் இரண்டாம் முறை கற்றுக்கொண்டது. வாயுதூத் என்ற பழைய அரசு விமான நிறுவனத்தின் விமானங்கள் நின்றுபோனதை அங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வான்பயண எரிபொருளுக்குத் தமிழ்நாடு நெடுங்காலமாக வைத்திருக்கும் 29 விழுக்காடு வரியும் உள்நாட்டு டிக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாவட்டங்களுக்கு நிஜமாகப் பயன்படக்கூடியது ஒன்றே: வளைகுடா ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்ப்பது. கோலாலம்பூர்த் தடத்தில் கதவு திறந்ததால் என்ன நடந்தது என்பதற்குப் பதினைந்து ஆண்டுக்கு மேலான அனுபவம் கண்முன் இருக்கிறது.

தேதி யார் கையில்?

எல்லா உபாயங்களையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அறுபது நாள் முன்னே வாங்கு, செவ்வாய் புதனில் பற, பண்டிகையைத் தவிர் என்பதெல்லாம் தேதி தன் கையில் இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரை. கம்பெனி லீவு கொடுத்தால்தான் கிளம்பலாம், தாயார் தவறிய சேதி வந்த ராத்திரியே கிளம்ப வேண்டும் என்பவருக்கு அவை உதவா. மலிவு டிக்கெட்டைக் காசில்லாதவருக்கு என்று வைக்கவில்லை. அவசரமில்லாதவருக்கு என்று வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து பறப்பவர்களில் பெரும்பாலோர் காசும் குறைந்தவர்கள், அவகாசமும் குறைந்தவர்கள். அதனால்தான் கூட்டத்தில் யாரோ ஒருவர் உதட்டைப் பிதுக்கும்போது அவர்களுக்குச் சுருக்கென்கிறது.

இருந்தாலும் அவர்கள் கையில் ஒரு சிறு இடம் இருக்கிறது. இப்போதைய வழக்கம் இதுதான்: முதலில் லீவு கேட்பது, தேதி கிடைத்ததும் ஊருக்குப் போன் போடுவது, அதன்பின் டிக்கெட் தேடுவது. வரிசையை மாற்றலாம். லீவு விண்ணப்பம் எழுதுவதற்கு முந்தைய வாரமே தேடல் தளத்தில் மாதம் முழுவதுக்குமான விலைக் காலண்டரைத் திறந்து, திருச்சி, சென்னை, கொழும்பு வழி மூன்றையும் பார்த்து, மலிவான நான்கு தேதிகளைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். மேற்பார்வையாளரிடம் "ஜூலையில் லீவு வேண்டும்" என்று சொல்வதற்குப் பதில், "ஜூலை 9 அல்லது 16" என்று கேட்கலாம். கேட்டது கிடைக்காமலும் போகும். ஆனால் பல கம்பெனிகளில் எந்த வாரம் என்பதைப் பற்றி அவர்களுக்குப் பெரிய அக்கறை இருப்பதில்லை; ஆள் சொன்ன தேதியை எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு கட்டத்தை நிரப்பும்போதுதான் டிக்கெட்டின் விலையில் பாதி முடிவாகிறது.